ஊர்வாயைத் தயாரிக்கும் அரசியல்

2013 செப்டெம்பர் 21, வடமாகாண சபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்த நாள். அன்று யாழ்ப்பாணத்தில் ஓர் ‘உதயன்’ பத்திரிகை கைமாறித் திரிந்தது. பார்த்தால் அசல் உதயன்தான். ஆனால் உதயன் நிறுவனம் அச்சிட்டதல்ல. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசாங்கத்தின் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று அதில் செய்தி போட்டிருந்தது. அதற்கு முதல் நாள்தான் அவருடைய வீடு தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தது.

அந்தப் போலிப் பத்திரிகையைச் செய்தவர்கள் போட்ட கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். காப்பற் வீதி போட்டுத் தந்தோமே, மின்சாரம் தந்தோமே என்று அது வாதாடவில்லை. நீங்கள் நம்பியிருந்த ஆளே அங்கால் போய்விட்டார், இனி நீங்கள் மட்டும் தனியாக நின்று என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டது. வாக்காளரின் விருப்பத்தை அது தொடவே இல்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வாக்காளர் மனதில் வைத்திருந்த மதிப்பீட்டைத்தான் குலைக்கப் பார்த்தது.

பலிக்கவில்லை. யாழ். மாவட்டத்தில் கூட்டமைப்பு 213,907 வாக்குகளைப் பெற்றது. ஆளும் கூட்டணிக்குக் கிடைத்தவை 35,995. அனந்தி 87,870 விருப்பு வாக்குகளுடன், கூட்டமைப்பின் முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடத்தில் வந்தார். அயலவர் என்ன நினைக்கிறார் என்பதை அன்று சனம் சந்தியிலும் கோயில் வீதியிலும் வாசிகசாலையிலும் நேரே கேட்டு அறிந்திருந்தது. ஒருநாள் வந்த ஒரு கள்ளத் தாளால் அதை மாற்ற முடியவில்லை.

இன்று அந்த அறிவின் பெரும்பங்கு தொலைபேசிக்குள் போய்விட்டது. கனடாவில் இருக்கும் மருமகளும் கரவெட்டியில் இருக்கும் மாமியும் ஊர் நிலவரத்தை அறிவது ஒரே பேஸ்புக் பக்கத்தில்தான். செய்தியைப் படித்த கையோடு கீழே இறங்கி, சனம் என்ன சொல்லுது என்று கொமண்டுகளைப் பார்ப்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்தக் கொமண்டுகளை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் இங்கே விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம்.

முதலில் எது போலி, எது போலி அல்ல என்று பிரித்துக்கொள்வோம். கட்சிக்காரர் ஒருவர் தன் சொந்தப் பெயரில், தலைவரின் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு, நாளுக்கு நாற்பது பதிவு போட்டாலும் அது போலி அல்ல. எரிச்சலாக இருக்கலாம், ஆனால் அது அவருடைய உரிமை. கட்சி காசு கட்டி, விளம்பரம் என்ற குறியுடன் போடும் பதிவும் போலி அல்ல. பேசுபவர் யார் என்பதை மறைக்கும் இடத்தில்தான் போலி தொடங்குகிறது. ஒரே ஆள் நூறு பேராக வருவது, சம்பளத்துக்கு எழுதுபவர் சாதாரணப் பொதுமகனாக வருவது, ஒரே அலுவலகத்தில் எழுதிய வசனம் ஊர் ஊராகத் தானே முளைத்தது போல வருவது ஆகிய மூன்றும் இதன் வடிவங்கள். நம் ஊருக்கு விளங்கும்படி சொன்னால், இது கருத்துக்குப் போடும் கள்ள வாக்கு. உள்ள பெட்டியை யாரும் களவெடுக்கவில்லை. இல்லாத ஆட்களின் பெயரில் சீட்டுகளைப் போட்டு நிரப்புகிறார்கள்.

முதலாவது வடிவத்தை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் சோஃபி ஜாங். பேஸ்புக் நிறுவனத்துக்குள் தரவு ஆய்வாளராக இருந்தவர். ஹொண்டுராஸ் நாட்டின் அப்போதைய ஜனாதிபதி ஹுவான் ஒர்லாண்டோ ஹெர்னாண்டஸின் பக்கத்துக்கு 2018இல் வந்துகொண்டிருந்த லைக்குகளை அவர் ஆராய்ந்தார். ஆறு வாரத்தில் லைக் போட்டவர்களாகக் காட்டப்பட்ட 59,100 பேரில் 46,500 பேர் மனிதர்களே அல்ல. அவை வெறும் ‘பேஜ்’கள்.

அந்தத் தந்திரம் மிக எளியது. பேஸ்புக்கில் ஒருவருக்கு ஒரு சொந்தக் கணக்குத்தான் அனுமதி. ஆனால் கடைக்கும் கழகத்துக்கும் என்று ஒருவர் எத்தனை பேஜ்களையும் திறக்கலாம். அந்தப் பேஜ்களுக்கு மனிதப் பெயரும் மனிதப் படமும் வைத்துவிட்டால், அவை மனிதர்களைப் போலவே லைக் போடும், கொமண்ட் எழுதும். ஜனாதிபதியின் பக்கத்தை நிர்வகித்த ஆளே இப்படி நூற்றுக்கணக்கான பேஜ்களையும் நடத்திக்கொண்டிருந்தார். பேஸ்புக் அவற்றை நீக்கியது 2019 ஜூலையில், அதாவது ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து.

அசர்பைஜானிலும் சோஃபி ஜாங் இதே வித்தையைக் கண்டார். அங்கே அது லைக்கோடு நிற்கவில்லை. ஆளுங்கட்சியுடன் தொடர்புடைய பேஜ்கள் எதிர்க்கட்சிகளின் பக்கங்களிலும் சுயாதீன ஊடகங்களின் பக்கங்களிலும் 90 நாளில் சுமார் 21 இலட்சம் கொமண்டுகளை எழுதின. தலைவருக்குப் புகழ், எதிர்ப்போருக்கு வசை. ஒரு செய்தியை வாசிக்க வருபவருக்குக் கீழே தெரிவதெல்லாம் கோபமான ‘மக்கள்’.

இரண்டாவது வடிவத்தின் பெரிய உதாரணம் சீனா. அங்கே சாங்கொங் என்ற மாவட்டத்தின் இணையப் பிரசார அலுவலக மின்னஞ்சல்கள் 2014இல் கசிந்தன. ஹார்வர்ட் பேராசிரியர் கேரி கிங்கும் அவருடைய சகாக்களும் அவற்றை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, சீன அரசுத் தரப்பு வருடத்துக்குச் சுமார் 44.8 கோடி பதிவுகளைப் பொதுமக்கள் பேரில் எழுதுவதாக மதிப்பிட்டது. கூலிக்கு எழுதுபவர்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கசிந்த அஞ்சல்களின்படி எழுதியவர்களில் மிகப் பெரும்பாலானோர் அரச ஊழியர்கள்.

அதைவிடக் கவனிக்கவேண்டிய முடிவு இன்னொன்று. அவர்கள் அரசை விமர்சிப்பவர்களுடன் வாதாடுவதே இல்லை. நாட்டின் பெருமை, தியாகிகளின் நினைவு, அழகான வசந்தகாலம் என்று எழுதிப் பக்கத்தை நிரப்புகிறார்கள். எங்காவது சனம் கொதிக்கிறது என்று தெரிந்தால் அந்த நேரம் பார்த்து அலை அலையாக எழுதுகிறார்கள். கோபமான குரல் மறுக்கப்படுவதில்லை. மகிழ்ச்சியான குரல்களுக்கு அடியில் தாழ்ந்துபோகிறது.

மூன்றாவது வடிவத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. 2019 பெப்ரவரியில் பாரதிய ஜனதா கட்சியின் ஆதரவாளர்கள் டுவிட்டரில் ஒரே நேரத்தில் போடுவதற்காகத் தயார் வசனங்கள் கொண்ட கூகுள் ஆவணம் ஒன்று சுற்றுக்கு விடப்பட்டிருந்தது. யாரும் திருத்தக்கூடியபடி அதைத் திறந்து வைத்துவிட்டார்கள். உண்மை சரிபார்ப்புத் தளமான ஆல்ட் நியூஸின் பிரதிக் சின்ஹா உள்ளே போய், புகழ் வசனங்களை அரசைக் குத்தும் வசனங்களாக மாற்றி வைத்தார். சற்று நேரத்தில், மத்திய அமைச்சராக இருந்த கன்னியாகுமரி எம்.பி. பொன். இராதாகிருஷ்ணனின் டுவிட்டர் கணக்கிலிருந்து, நடுத்தர வர்க்கத்தின் நலன் மோடி அரசுக்குக் கடைசி அக்கறைதான் என்ற பொருளில் ஒரு பதிவு வெளிவந்தது. பிறகு அழிக்கப்பட்டது. கணக்கு அசல், ஆளும் அசல். ஆனால் வசனம் வேறு எங்கோ தயாரானது; அதை வெளியிட்ட கை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

இலங்கையும் இந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை. ஒக்ஸ்போர்ட் இணைய நிறுவகம் 2020ஆம் ஆண்டுக்காக எடுத்த கணக்கெடுப்பில், சமூக ஊடகத்தை ஒழுங்கமைத்துத் திரிக்கும் வேலை 81 நாடுகளில் காணப்பட்டது. அவற்றில் இலங்கையும் ஒன்று. 62 நாடுகளில் அரசாங்க அமைப்புகளே அதில் ஈடுபட்டிருந்தன. அதற்கு முன்பே, 2018இல், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்துக்காக சஞ்சன ஹத்தொட்டுவவும் சக ஆய்வாளர்களும் இலங்கை டுவிட்டர் உலகத்தை ஆராய்ந்தார்கள். இரண்டு இலட்சம் டுவீட்டுகளையும் நாலாயிரம் தானியங்கிக் கணக்குகளையும் பார்த்து அவர்கள் எழுதிய அறிக்கை, இந்த நாட்டுப் பெயர்களுடன், ஒரு வரியும் எழுதாமல், பிரபலங்களுக்குப் பின்னால் வந்து குந்தியிருந்த கணக்குகளைக் காட்டியது. ஒரு சொல்லும் பேசாத கணக்கு எதற்கு என்று கேட்கலாம். பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு அது போதும். தேவைப்படும் நாளில் பேசவும் வைக்கலாம்.

எதிர்க்கட்சிகள் இதைச் செய்வதில்லையா என்றால், செய்கின்றன. இந்தியாவில் சோஃபி ஜாங் கண்ட வலையமைப்புகளில் காங்கிரசுக்கு ஆதரவானவையும் இருந்தன. ஆனால் ஆளுங்கட்சியின் கையில் இந்த ஆயுதம் வேறு கனம் பெறுகிறது. சம்பளம் அரச பணத்தில் போகலாம். மேலதிகாரி சொன்னால் லைக் போடாமல் இருக்க ஊழியருக்குத் துணிவு வராது. இவற்றுக்கு மேலே, ஆளுங்கட்சியின் கள்ளத்தைப் பிடிக்கச் சமூக ஊடகங்களை நடத்தும் நிறுவனங்களே தயங்குகின்றன. இந்திய வலையமைப்புகளில் ஒன்று பாரதிய ஜனதா கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருடன் நேரடியாகத் தொடர்புபட்டிருந்ததாக உள்ளே தெரியவந்ததும் நடவடிக்கை நின்றுபோனது என்று சோஃபி ஜாங் 2021இல் கார்டியன் பத்திரிகைக்குச் சொன்னார்.

தேவையும் ஆளுங்கட்சிக்குத்தான் கூட. எதிர்க்கட்சிக்குச் சனத்தின் முணுமுணுப்பே போதும். ஆட்சியில் இருப்பவர்களோ சனம் திருப்தியாக இருக்கிறது என்று நாளாந்தம் காட்டியாக வேண்டும். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களில் ஆட்களை ஏற்றிவந்து, சாப்பாட்டுப் பார்சல் கொடுத்து, மைதானம் நிரப்பியது இதற்காகத்தான். 2022 மே 9ஆம் திகதி அலரி மாளிகைக்கு அப்படிக் கூட்டிவரப்பட்ட ஆதரவாளர்கள் காலிமுகத்திடல் போராட்டக்காரரை அடித்ததில் நாடே பற்றி எரிந்தது. பஸ்ஸில் வந்த கூட்டம் குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரிந்தது. எந்த ஊர் பஸ், யார் ஒழுங்கு செய்தது என்று கேட்க முடிந்தது. திரைக்குள் வரும் கூட்டத்துக்கு இலக்கத்தகடு இல்லை.

இது நம் மனதில் எப்படி வேலை செய்கிறது? வலிகாமம் வடக்கில் காணி விடுவிப்பு பற்றிய ஒரு செய்தியைக் கற்பனை செய்வோம். தன் காணி இன்னும் வேலிக்கு அப்பால் இருக்கும் ஒருவர் அதை வாசிக்கிறார். அரசாங்கம் சொன்னதில் பாதிகூட நடக்கவில்லை என்பது அவருடைய அனுபவம். கீழே பார்த்தால் முப்பது பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். பத்துப் பேர், எவ்வளவு தந்தாலும் குறை சொல்பவர்கள் என்று யாரையோ திட்டியிருக்கிறார்கள். அவர் தன் காணியைப் பற்றிய கருத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. எழுதத் தொடங்கிய இரண்டு வரியை மட்டும் அழித்துவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அடுத்து வருபவருக்கு, குறைசொன்ன குரல் ஒன்று குறைவாகத் தெரியும். இப்படி நாலு பேர் போனால் போலியாகத் தொடங்கிய அமைதி உண்மையாகிவிடுகிறது. போலிக் கணக்குகளின் ஆதாயம் அவை எழுதும் கொமண்டுகளில் இல்லை. உண்மையான ஆட்கள் எழுதாமல் விட்டவற்றில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டபின் ஒருவர் எதிர்ப்பக்கத்துக்குச் சாயக்கூடும். திரையில் தெரிவதெல்லாம் பொய், ஒன்றையும் நம்பாதே என்று முடிவெடுக்கலாம். அதுவும் பிழைதான், ஏன் என்பதை 2024 காட்டியது. அந்த வருடம் செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு யாழ். மாவட்டத்தில் விழுந்தவை 27 ஆயிரம் வாக்குகள் அளவில்தான். இரண்டு மாதத்துக்குள், நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில், அவருடைய தேசிய மக்கள் சக்தி இங்கே 80,830 வாக்குகள் பெற்று ஆறு ஆசனங்களில் மூன்றை எடுத்தது. இளம்பெடியளின் டிக்டொக் ஆரவாரம் வாக்குச்சாவடிவரை வராது என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். சாவகச்சேரி வைத்தியசாலை விவகாரத்தைப் பேஸ்புக் நேரலையில் பேசி அறியப்பட்ட வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழுவுக்கு 27,855 வாக்குகளும் ஓர் ஆசனமும் கிடைத்தன. அவரைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்த வாக்குகள் மனிதர்கள் போட்டவை. ஆறு மாதம் கழித்து, 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில், யாழ். மாவட்டத்தில் முதலிடம் மறுபடி தமிழரசுக் கட்சிக்குப் போனது. நவம்பரில் ஏறியதும் மேயில் இறங்கியதும் ஒரே சனத்தின் தீர்ப்பு.

கருத்து ஒவ்வாதவரையெல்லாம் போலி என்று தள்ளுவதில் இன்னொரு ஆபத்து உண்டு. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அது மிகவும் வசதியான பதில். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் குந்தியது முதல், உங்களை யார் இயக்குகிறார்கள் என்ற கேள்வி அவர்களைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. 2021இல் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்தவர்களையும் அந்தக் கேள்வி விடவில்லை. சந்தையில் கள்ள நோட்டு கூடிவிட்டால் நல்ல நோட்டை வைத்திருப்பவரும் சந்தேகத்துக்கு உள்ளாகிறார். ஆகவே ஒரு குரலைப் போலி என்று சொல்ல முன்னர் சாட்சி வேண்டும். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ எழுதுபவர் யாழ்ப்பாணத்தில் வாக்குப் போடமாட்டார் என்பது உண்மை. அதனால் அவர் இல்லாத ஆள் ஆகிவிடமாட்டார்.

சட்டம் என்ன செய்கிறது? 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டம், வேட்பாளர் எவ்வளவு செலவழிக்கலாம் என்று எல்லை போட்டது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அது வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா. மேடைக்கும் நோட்டீசுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. பெயரில்லாத பக்கத்தை நடத்துபவருக்குக் கையில் கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு எங்கே வரும்? தேர்தல் இல்லாத காலத்தில் வருடக்கணக்காக வளர்த்துவந்த பக்கத்தின் செலவு எந்தக் கணக்கில் ஏறும்?

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், தானியங்கிக் கணக்குகளைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் தன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் எது தடைசெய்யப்பட்ட கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை, ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவின் கையில் அது கொடுத்தது. ஆளுங்கட்சி போலி ஆதரவைத் தயாரிக்கும் ஒரு நாட்டில், போலியைப் பிடிக்கும் பொறுப்பும் ஆளுபவரின் நியமனத்திலேயே தங்கியிருந்தால் முதலில் பிடிபடுவது யாருடைய பக்கமாக இருக்கும்? ஊடக அமைப்புகளும் சிவில் சமூகமும் அந்தச் சட்டத்தை எதிர்த்ததன் காரணங்களில் இதுவும் ஒன்று.

வேறு வழி இல்லாமல் இல்லை. தென்கொரியாவில் 2012 தேர்தலின்போது தேசியப் புலனாய்வுச் சேவையின் ஆட்கள் பொதுமக்கள் வேடத்தில் ஆளுங்கட்சி வேட்பாளர் பார்க் கியுன்-ஹேக்கு ஆதரவாக எழுதினார்கள். அதன் தலைவர் வொன் செய்-ஹூனுக்கு நான்கு வருடச் சிறை கிடைத்தது. ஆட்சி மாறியது. புதிய ஆளுங்கட்சியின் மாகாண ஆளுநர் கிம் கியொங்-சூ, மென்பொருள் வைத்துச் செய்தித்தளக் கொமண்டுகளுக்கு விருப்புகளைக் கூட்டிய வழக்கில் சிக்கினார். 2021இல் அவருக்கு இரண்டு வருடச் சிறை உறுதியானது. இரண்டு வழக்கிலும் நீதிமன்றம் எந்தக் கருத்து நல்லது, எது கெட்டது என்று பார்க்கவில்லை. யார் ஆள்மாறாட்டம் செய்தது, யார் சொல்லிச் செய்தது என்று பார்த்தது. சட்டம் தொடவேண்டியது அந்த மறைப்பைத்தான்.

வாசகர் கையிலும் சில உண்டு. ஒரு பக்கம் எப்போது தொடங்கியது, எத்தனை தடவை பெயர் மாறியது என்பதைப் பேஸ்புக்கிலேயே ‘பேஜ் ட்ரான்ஸ்பேரன்சி’ என்ற இடத்தில் பார்க்கலாம். சமையல் குறிப்பு போட்டுக்கொண்டிருந்த பக்கம் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னர் ‘நம்ம ஊர் செய்தி’ ஆகியிருந்தால், அது ஒரு விடை. பாராட்டுகிற கணக்கைத் திறந்து பார்த்தால், அதில் ஒரு கோயில் திருவிழா, ஒரு பிறந்தநாள், ஒரு சண்டை, ஒரு மரண அறிவித்தல் என்று ஏதாவது வாழ்க்கை தெரியவேண்டும். பாராட்டைத் தவிர ஒன்றும் இல்லாத கணக்கைச் சந்தேகிக்கலாம். ஒரே எழுத்துப்பிழையுடன் ஒரே வசனம் நாலு பெயரில் வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இவற்றில் ஒன்று மட்டும் முடிவாகாது. மூன்று சேர்ந்தால் யோசிக்கலாம்.

இதைவிடப் பெரிய பொறுப்பு யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளுக்கும் இணையச் செய்தித்தளங்களுக்கும் இருக்கிறது. ‘சமூக வலைத்தளங்களில் பெரும் வரவேற்பு’, ‘நெட்டிசன்கள் கொந்தளிப்பு’ என்று தலைப்புப் போடுவது இன்று மலிந்துவிட்டது. ஆசிரியர் பீடம் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்காமல், பத்து கொமண்டை ‘மக்கள்’ ஆக்கிவிடுகிறது. தயாரிக்கப்பட்ட ஆதரவு செய்தியாக அச்சேறுவது அந்த ஒரு வசனத்தின் வழியாகத்தான். அதன்பின் அமைச்சர் அந்தச் செய்தியையே ஆதாரமாகக் காட்டுவார். பருத்தித்துறை மீனவர் என்ன சொல்கிறார் என்று எழுதவேண்டுமானால் பருத்தித்துறைக்குப் போகவேண்டும். பேர் சொல்லிப் பேச ஒருவராவது இல்லாத இடத்தில் ‘மக்கள்’ என்ற சொல்லை ஆசிரியர் பீடம் பயன்படுத்தக் கூடாது.

கட்சிகளிடம் கேட்கவேண்டியது இன்னும் எளியது. தேர்தல்கள் ஆணைக்குழு வேட்பாளரிடம் சொத்து விபரம் கேட்கிறது, செலவு விபரம் கேட்கிறது. கட்சியோ வேட்பாளரோ அவர்களின் காசில் இயங்குபவரோ நடத்தும் பக்கங்கள், குழுக்கள், கணக்குகள் எவையென்று ஒரு பட்டியலையும் கேட்கட்டும். ஆளுங்கட்சி முதலில் கொடுக்கட்டும். பட்டியலில் இல்லாத ஒன்று பிறகு கட்சியின் அலுவலகத்திலிருந்து இயங்கியதாக நிரூபணமானால், அதைப் பொய்க் கணக்குக் காட்டியதற்குச் சமமாக நடத்தவேண்டும். இதற்கு யாருடைய கருத்தையும் தணிக்கை செய்யத் தேவையில்லை. உண்மையிலேயே சனம் தங்கள் பக்கம் நிற்கிறது என்று நம்பும் கட்சிக்கு இதில் இழக்க எதுவும் இல்லை. மறுக்கும் கட்சி எது என்று பார்த்தாலே வாக்காளருக்குப் பாதி விளங்கிவிடும்.